மலையில் கூடார விடுதி: மாமியார் முழங்காலுக்கும் மகன் மூச்சுக்கும் எது ஒத்துவரும்?

கேள்வி: அரையாண்டு விடுமுறைக்கு, டிசம்பர் கடைசியில், ஐந்து பேராக மலைக்குப் போக நினைக்கிறோம். நான், கணவர், 14 வயது மகள், 9 வயது மகன், 67 வயது மாமியார். ஓட்டல் அறை வேண்டாம், ‘கிளாம்பிங்’தான் (கட்டில், குளியலறை வசதியோடு கூடாரத்தில் தங்குவது) போக வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடிக்கிறாள். அவள் காட்டியதில் மூன்று எங்களுக்கும் பிடித்தன: ஊட்டிக்குப் பக்கத்தில் கண்ணாடி முகப்பு வைத்த டோம் (அரைக்கோளக் கூடாரம்), வயநாட்டில் ஒரு மரவீடு, மூணாறு பக்கத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் ஏறிப் போகும் கொழுக்குமலைக் கூடாரம். மாமியாருக்கு முழங்கால் வலி, இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்திருப்பார். மகனுக்குக் குளிர் பட்டால் வீசிங் வரும். இரண்டு இரவு, ஓர் இரவுக்கு 12,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். எதை எடுப்பது? பணம் கட்டும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?
— வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

மூன்றும் வேண்டாம். மகளிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். கிளாம்பிங் கூடாது என்பதல்ல. அவள் காட்டிய மூன்றும் இந்த ஐந்து பேருக்கு இந்த மாதத்தில் ஒத்துவராது, அவ்வளவுதான். உங்களுக்குப் பொருந்துவது 1,000 முதல் 1,500 மீட்டர் உயரத்துக்குள், மேடைத் தளத்தின் மேல் நிறுத்திய, குளியலறை உள்ளேயே இருக்கிற சஃபாரி கூடாரம். ஒன்றல்ல, அடுத்தடுத்து இரண்டு. திருச்சியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஏற்காடு சேலம் வழியாகப் பக்கம்தான். கொண்டை ஊசி வளைவும் 20-தான். ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதைப் பார்ப்போம்.

படத்தில் தெரியாத முதல் விஷயம் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். திருச்சியில் டிசம்பர் கடைசி இரவு 21 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 1,500 மீட்டரில் உள்ள ஏற்காட்டில் 12, 2,240 மீட்டரில் உள்ள ஊட்டியில் 7. இது காகிதக் கணக்கு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்துப்போய்ச் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டியைச் சுற்றியுள்ள பள்ளங்களில் புல்மேல் உறைபனி படிவது இப்படித்தான். ‘ஏரிக்கரை’, ‘ஓடைக்கரை’ என்று விளம்பரத்தில் இனிக்கிற இடங்கள் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கும். அதே ஊரில் சரிவின் நடுப்பகுதியில் நிற்கிற கூடாரம் இரண்டு மூன்று டிகிரியாவது இதமாக இருக்கும்.

செங்கல் சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். துணிச்சுவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வெயில் இறங்கிக் கொஞ்ச நேரத்திலேயே உள்ளேயும் குளிர், வெளியேயும் குளிர். ஓட்டலில் ஏழு டிகிரியைச் சமாளித்தோமே என்ற அனுபவம் இங்கே உதவாது.

டோமுக்கு வருவோம், மகளின் முதல் ஆசை அதுதானே. இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்து, மேலே பி.வி.சி. பூசிய கனத்த துணியைப் போர்த்திய அரைக்கோளம் அது. பலத்த காற்றுக்கும் அசையாது, அது நல்ல விஷயம். ஆனால் அந்தத் துணி மூச்சு விடாது. தூங்குகிற ஒருவர் ஓர் இரவில் மூச்சிலும் தோல் வழியாகவும் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை ஈரத்தை வெளியே விடுகிறார். ஐந்து பேர் என்றால் ஒன்றேகால் முதல் இரண்டரை லிட்டர். ஏழு டிகிரியில் சில்லிட்டிருக்கும் துணியில் பட்டதும் அது முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். விடியற்காலை நாலு மணிக்கு ஒரு துளி குழாய் வழியே வழுக்கி வந்து முகத்தில் விழும். கூரை ஒழுகுகிறது என்று புகார் சொல்லப் போவார்கள்; ஒழுகுவது அவரவர் மூச்சுதான்.

உள்பக்கம் இன்னொரு அடுக்குத் துணியும் நடுவில் வெப்பத்தடுப்புப் பஞ்சும் வைத்த டோமில் இது பெருமளவு குறையும். உச்சியில் ஒரு காற்றுத்துளை, தரையோரம் ஒன்று என இரண்டும் திறந்திருந்தால் இன்னும் குறையும். குளிருக்குப் பயந்து இரண்டையும் அடைத்தால் ஈரம் மறுபடி கூரையில்தான். அந்த ஈரத்தில் துணி மடிப்புகளில் பூஞ்சை பிடிக்கும். வீசிங் வருகிற பையனுக்கு அது ஆகாது. இடமும் போதாது. ஆறு மீட்டர் விட்டமுள்ள டோம் கணக்குக்கு 300 சதுர அடி; ஓரத்தில் கூரை தாழ்ந்து வருவதால் நிமிர்ந்து நிற்க முடிகிற இடம் அதைவிடக் குறைவு. அதில் குளியலறைத் தடுப்புக்குப் போனது போக ஐந்து பேர் படுத்தால், இரவில் மாமியார் இரண்டு பேரைத் தாண்டித்தான் எழுந்து போக வேண்டும். ஊட்டி என்றால் இ-பாஸும் எடுக்க வேண்டும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்கும் தண்ணீர் பாட்டிலும் சோதனைச் சாவடியிலேயே பிடிபடும். இவை சின்ன விஷயங்கள். ஈரமும் குளிரும்தான் பெரியவை.

மகள் விடவே மாட்டேன் என்றால் ஒரு வழி உண்டு. ஏற்காடு உயரத்தில் இரட்டை அடுக்கு டோம் ஒன்றும், அதற்கு அடுத்தாற்போல் நல்ல அறையோ கூடாரமோ ஒன்றும் எடுங்கள். மகளும் நீங்களும் டோமில், மாமியாரும் பையனும் கணவரும் மற்றதில். டோமின் கண்ணாடி முகப்பு எந்தத் திசை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மேற்கே பார்த்தால் மதியம் உள்ளே உட்கார முடியாது. கிழக்கே பார்த்தால் ஆறே முக்காலுக்கே கண் கூசும்; திரை இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

மரவீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேய்ந்த முழங்காலுக்குப் படி ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை, அதுவும் இரவில், பனியில் நனைந்த பலகைப் படியில். பல மரவீடுகளில் குளியலறை மேலே இருந்தாலும் வெந்நீர் கீழேயிருந்து வாளியில்தான் வரும். வேறொரு சமயம் நீங்களும் கணவரும் போனால், கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமலும், கைப்பிடி இடுப்புக்கு மேலும், தாங்கு தூண்கள் மண்ணில் நேராகப் புதைக்காமல் கான்கிரீட் மேல் நிற்கவும் வேண்டும் என்று பாருங்கள். மண்ணில் புதைத்த மரத்தைக் கரையானும் ஈரமும் வெளியே தெரியாமல் தின்றுவிடும்.

வயநாட்டைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் 2021 ஜனவரியில் மேப்பாடி அருகே ஒரு தங்குமிடத்தில் கூடாரத்தில் தங்க வந்த பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. 2025 மே மாதம் அதே மேப்பாடிப் பக்கம் ‘900 கண்டி’ என்ற இடத்தில் குடில் சரிந்து ஓர் இளம்பெண் இறந்தார். முதலாவதில் காட்டு எல்லைக்கு எவ்வளவு பக்கம் என்ற கேள்வி இருக்கிறது, இரண்டாவதில் கட்டுமானம் என்ன தரம் என்ற கேள்வி. எந்த ஊருக்குப் போனாலும் இந்த இரண்டையும் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

கொழுக்குமலை இன்னும் சுலபமான முடிவு. சூரியநெல்லியிலிருந்து மேலே சொந்தக் கார் போகாது. கல்லும் குழியுமான பாதையில் ஜீப் குலுக்கலுக்கு இளைஞர்களின் முதுகே கெஞ்சும். மேலே உயரம் ஊட்டிக்கு நிகர், முகட்டில் காற்று வேறு. நள்ளிரவில் பையனுக்கு மூச்சு இளைத்தால் கீழே இறங்க அதே ஜீப், அதே பாதை. சூரிய உதயம் அபாரம்தான், மகள் கல்லூரி போகும்போது தோழிகளோடு பார்த்துக்கொள்ளட்டும்.

இனி எடுக்க வேண்டிய கூடாரம். சஃபாரி கூடாரம் என்று எல்லாரும் போட்டுக்கொள்கிறார்கள், அதனால் பெயரை நம்பாமல் உறுப்புகளைப் பாருங்கள். கூரை இரண்டாக இருக்க வேண்டும்: உள்கூடாரம், அதன் மேல் ஒரு சாண், ஒன்றரைச் சாண் இடைவெளி விட்டுத் தனியாக இழுத்துக் கட்டிய மேல்விரிப்பு. இந்த இடைவெளிதான் பகல் சூட்டையும் இரவுப் பனியையும் தடுக்கும். மேல்விரிப்பு இல்லாத ஒற்றைக் கூரைக் கூடாரம் என்ன விலை சொன்னாலும் நாலு கம்பில் கட்டிய துணிதான். துணி பருத்திக் கேன்வாஸ் அல்லது பருத்தி கலந்த கேன்வாஸாக இருந்தால் நல்லது. அது கொஞ்சம் மூச்சு விடும், ஈரம் கோப்பது குறையும். மழை நேரத்தில் பையனை உள்ளிருந்து கேன்வாஸைத் தொட்டு விளையாட விடாதீர்கள். நனைந்த துணியில் உள்ளிருந்து கையோ பெட்டியோ உரசினால் அந்த இடத்தில் நீர் கசிய ஆரம்பிக்கும்.

தரை அடுத்தது. மண்ணிலோ புல்லிலோ நேராக நிற்கிற கூடாரத்தில் ஈரம் கீழேயிருந்து ஏறும். சிமென்ட் மேடையோ பலகை மேடையோ, தரையிலிருந்து ஓரடியாவது உயர்ந்து நிற்கட்டும். மேட்டுப் பக்கத்தில் மழைநீரைத் திருப்பி விடும் சின்ன வாய்க்கால் வெட்டியிருக்க வேண்டும். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையின் வால் ஏற்காட்டுப் பக்கம் ஒருநாள் திடீரென்று வந்து போகலாம். வாய்க்கால் இல்லாத சரிவில் அன்று இரவு நீர் மேடையைச் சுற்றி ஓடாது, மேடைக்கு அடியில் ஓடும். கூடாரத்துக்கு மேலே என்ன மரம் என்றும் நிமிர்ந்து பாருங்கள். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், தைல மரம் இரண்டுக்கும் காற்றில் கிளை முறியும் சுபாவம் உண்டு. காய்ந்த கிளை தொங்கினால் வேறு கூடாரம் கேளுங்கள்.

குளியலறையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘பிரைவேட் பாத்ரூம்’ என்று போட்டிருந்தால் உங்களுக்கென்று ஒதுக்கியது என்றுதான் பொருள். அது முப்பது மீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம். ‘அட்டாச்டு’ என்றால்தான் ஒட்டியது. அதிலும் கூடாரத்துக்குள்ளிருந்தே கதவு திறக்கிறதா, பின்பக்கமாக வெளியே போய் நுழைய வேண்டுமா என்று தனியாகக் கேளுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் பக்கத்தில் பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடி இருக்கிறதா, கட்டிலிலிருந்து அதுவரை எத்தனை படி, வாசற்கட்டை எவ்வளவு உயரம் என்பதும் தெரிய வேண்டும். தரை வழுவழுப்பான டைல்ஸ் என்றால் ரப்பர் மிதியடி ஒன்று வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். மாமியாருக்குக் கட்டில் வேண்டும், தரை மெத்தை வேண்டாம். தரையிலிருந்து எழுவது முழங்காலுக்கு இன்னொரு தண்டனை.

வெந்நீரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் இருபத்து நாலு மணி நேரமும் உண்டு என்பார்கள். கூடாரங்களில் பொதுவாக இருப்பது 15 லிட்டர், 2,000 வாட் கெய்சர். மலையில் தொட்டி நீர் 12 டிகிரியில் வரும். அதை 60 டிகிரிக்கு ஏற்ற 25 நிமிடம் ஆகும். அந்த 15 லிட்டரோடு குளிர்ந்த நீர் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 25 லிட்டர் சொச்சம், அதாவது ஒரு வாளிக்குக் கொஞ்சம் மேல். ஐந்து பேரும் ஒரே கெய்சரில் காலையில் குளித்தால் கடைசி ஆள் முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். இரண்டு கூடாரம் எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். குழந்தைகள் மாலை ஐந்தரைக்கே, வெளியே வெளிச்சம் இருக்கும்போதே குளித்துவிட்டால் காலை நெருக்கடி இல்லை. சோலார் மட்டும் இருக்கிற இடத்தில் மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் வெந்நீர் கிடையாது. விறகு பாய்லர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கரண்ட் போனால் என்ன ஓடும் என்பதையும் கேளுங்கள். இன்வெர்ட்டரில் விளக்கும் செல்போன் சார்ஜரும் ஓடும், கெய்சரும் ஹீட்டரும் ஓடா. 2,000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கிலோ நீட்டிப்பு ஒயரிலோ மாட்டினால் பிளக் உருகும்; துணிக்கூரைக்குக் கீழே உருகும் பிளக் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்து ஹீட்டர் எடுத்துப் போகாதீர்கள். 100 வாட் அளவிலான மின்போர்வை போதும். படுக்கும் முன் அரை மணி நேரம் போட்டுப் படுக்கையைச் சூடாக்கி, படுக்கும்போது அணைத்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. கேம்ப் ஃபயர் முடிந்ததும் கங்கு நிறைந்த கரிச்சட்டியை ‘குளிருக்கு இதமா இருக்கும் சார்’ என்று ஊழியர் உள்ளே கொண்டுவந்து வைப்பதுண்டு. அன்பாகத்தான் செய்கிறார்கள். மூடிய கூடாரத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, கண் எரியாது, இருமல் வராது. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். புகை இல்லையே, கங்குதானே என்பது தவறான தைரியம். புகையில்லாத கங்குதான் இன்னும் ஆபத்து, யாரும் எழுந்து வெளியே ஓட மாட்டார்கள். கரி, கேஸ் ஹீட்டர், மண்ணெண்ணெய் விளக்கு எதுவும் உள்ளே வேண்டாம். கொசுவத்தியும் வேண்டாம், வலை போதும். போவது மார்கழி, மாமியார் விடியற்காலையில் விளக்கேற்றுகிறவர் என்றால் வெளியே திண்ணையிலோ கல்மேலோ ஏற்றட்டும், கேன்வாஸுக்கு உள்ளே கற்பூரம்கூடக் கூடாது. முடிந்ததும் எண்ணெய் விளக்கை வெளியே விட்டு வராதீர்கள். கரடி நடமாடும் மலைகளில் எண்ணெய் வாசனைக்கே அது வாசல்வரை வரும். நீலகிரியில் விளக்கெண்ணெய்க்காகக் கோயிலுக்குள் புகுந்த கரடிகள் உண்டு.

குளிரைச் சமாளிக்கப் போர்வையை மேலே அடுக்குகிறோம், ஆனால் கட்டிலில் குளிர் வருவது கீழேயிருந்து. மெலிந்த மெத்தைக்கு அடியில் குளிர்ந்த காற்று ஓடிக்கொண்டே இருக்கும், உடம்பின் பாரத்தில் மெத்தை நசுங்கி அந்த இடத்தில் தடுப்பே இல்லாமல் போகும். ஒரு ஜமக்காளத்தையோ கம்பளியையோ நாலாக மடித்து விரிப்புக்கு அடியில் போடுங்கள். மேலே இன்னொன்று சேர்ப்பதைவிட அதில் பலன் அதிகம். படுக்கப் போகும்போது பகலில் போட்ட காலுறையைக் கழற்றி உலர்ந்ததைப் போடுங்கள். வியர்வை ஈரம் சேர்ந்த காலுறை கம்பளிக்குள்ளும் சில்லென்று இருக்கும். வெந்நீர்ப் பை எடுத்துப் போனால் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், மூடும் முன் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, துண்டில் சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள்.

மகனின் வீசிங்குக்கு மருந்து விஷயத்தை அவனது மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கிளம்பும் முன் ஒருமுறை காட்டிவிடுங்கள். கூடாரம் சார்ந்த எச்சரிக்கை இரண்டு. நெபுலைசர் மட்டும் எடுத்துப் போனால் கரண்ட் போன இரவில் அது வெறும் பெட்டி. இன்ஹேலரும் அதில் மாட்டும் ஸ்பேசர் குழாயும் கைப்பையில் இருக்கட்டும், காரில் வேண்டாம். கேம்ப் ஃபயர் புகை அவனுக்கு நேர் எதிரி. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம், நாலைந்து மீட்டர் தள்ளி நாற்காலி போடுங்கள். பச்சை விறகு போட்டு டீசல் ஊற்றி மூட்டுகிற இடமாக இருந்தால் அவனை வேறு விளையாட்டுக்குக் கூட்டிப்போய்விடுங்கள். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை கிலோமீட்டர், இரவில் வண்டி ஓட்ட ஆள் இருக்கிறாரா என்பதை முன்பதிவின்போதே கேட்பது தவறே இல்லை. நல்ல இடத்தில் தயங்காமல் பதில் வரும்.

சாப்பாட்டுப் பொட்டலம், முறுக்கு, பழம் எதையும் கூடாரத்துக்குள் வைத்துவிட்டு வெளியே போகாதீர்கள். குரங்கு ஜிப்பைத் திறக்கக் கற்றுக்கொண்டு வெகு காலமாயிற்று, திறக்காவிட்டால் கிழிக்கும். காரின் டிக்கியில் வைத்துப் பூட்டுங்கள். எல்லையில் சோலார் மின்வேலி போட்டிருந்தால் பையனிடம் முதல் வேலையாக அதைக் காட்டி, தொடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

பணத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை 5 சதவீதம் ஜி.எஸ்.டி., அதற்கு மேல் 18 சதவீதம். 12,000 ரூபாய்க்கு ஒரே பெரிய டோம் எடுத்தால் வரி 2,160. தலா 6,000 ரூபாய்க்கு இரண்டு கூடாரம் எடுத்தால் இரண்டுக்கும் சேர்த்து 600. இரண்டு இரவில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். சொன்ன விலை வரி சேர்ந்ததா, காலை உணவு உண்டா, கேம்ப் ஃபயருக்குத் தனிக் கட்டணமா என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். மண்சரிவு, சாலை அடைப்பு, சிவப்பு எச்சரிக்கை வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா என்பதும் அதே எழுத்தில் இருக்கட்டும்.

அனுமதி பற்றிக் கேட்கக் கூச்சம் வேண்டாம். தமிழ்நாடு சுற்றுலாத் துறையில் முகாம் நடத்துவோருக்கென்றே பதிவு முறை இருக்கிறது. பதிவு எண் கேளுங்கள். ‘நம்ம சொந்த எஸ்டேட்தான் சார், யாரும் கேக்க மாட்டாங்க’ என்று பதில் வந்தால் நன்றி சொல்லி ஃபோனை வைத்துவிடுங்கள்.

கேள்விகளை எல்லாம் ஃபோனில் அடுக்கினால் எல்லாவற்றுக்கும் ‘இருக்கு மேடம்’ என்றுதான் வரும். அதற்குப் பதில் ஒரே ஒரு வீடியோ கேளுங்கள். கார் நிறுத்தும் இடத்தில் ஆரம்பித்து, கூடார வாசல், கட்டில், அங்கிருந்து குளியலறை, கெய்சர், பிளக் பாயின்ட் என்று நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் நடந்து எடுத்தது. இருட்டிய பிறகு எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. வழியில் விளக்கு இருக்கிறதா, படி தெரிகிறதா என்பது அப்போதுதான் புரியும். ஒன்றரை நிமிட வேலை. அனுப்பத் தயங்குகிற இடத்தில் ஏதோ ஒன்று சரியில்லை. வீடியோவில் எத்தனை எட்டு நடக்கிறார் என்று எண்ணுங்கள். காரிலிருந்து கூடாரத்துக்கு நூறு எட்டுக்கு மேல், அதுவும் படிக்கட்டு என்றால் மாமியாருக்கு வேண்டாம்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் 31-ஆம் தேதி இரவைத் தவிருங்கள். அன்று பல முகாம்களில் டி.ஜே. வைப்பார்கள், கேன்வாஸ் சுவர் ஒலியைத் தடுக்காது, விலையும் தனி. 27, 28 தேதிகள் கிடைத்தால் நல்லது. மாலை நாலு மணிக்குள் போய்ச் சேர்கிற மாதிரி கிளம்புங்கள். மலையில் ஆறு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும், வெளிச்சம் இருக்கும்போதுதான் இடத்தைச் சரிபார்க்க முடியும்.

பெட்டியைப் பிரிக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் மூச்சில் பூஞ்சை வாடை வருகிறதா? மெத்தையின் அடிப்பக்கம் கையை வைத்துப் பாருங்கள், ஈரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். எல்லா ஜிப்பும் கடைசிவரை மூடுகிறதா, வெளியே இழுகயிறுகள் விறைப்பாக இருக்கின்றனவா, முளை மண்ணில் ஆடுகிறதா? கெய்சரைப் போட்டு 25 நிமிடத்தில் நீர் சுடுகிறதா? ஏதாவது சரியில்லை என்றால் அப்போதே வேறு கூடாரம் மாற்றித் தரச் சொல்லுங்கள். இரவு ஒன்பதுக்குச் சொன்னால் மாற்றித் தர அவர்களிடம் காலி இருக்காது. கடைசியாக, கட்டிலில் குளியலறைப் பக்கத்து ஓரத்தை மாமியாருக்குக் கொடுத்துவிடுங்கள், தலையணைக்குப் பக்கத்தில் ஒரு டார்ச்சோடு.